சீனி இன்னும் சாகவில்லை

"எங்க கிடாயை எங்கய்யா கட்டி வச்சிருக்கீங்க?"

நல்லூன் கம்பெனியின் வாசலில் நின்று ஒச்சம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். செக்யூரிட்டி சிரித்துவிட்டார். மதுரைக்கு வெளியே, நாலுவழிச் சாலையோரம், பரந்து கிடந்த அந்த வளாகத்தில் தேடினாலும் ஓர் ஆட்டுப் புழுக்கை கிடைக்காது. உள்ளே இருந்ததெல்லாம் எஃகுத் தொட்டிகள், குழாய்கள், வெள்ளைக் கோட்டு மனிதர்கள். கறிக்கு ஆடு எதற்கு, ஆட்டின் செல் போதுமே என்று சொல்லி, தொட்டியில் கறி வளர்த்து, தமிழ்நாட்டின் பாதி பிரியாணி அண்டாக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி அது.

சிரித்த செக்யூரிட்டிக்கு ஒச்சம்மா எதிரே இருந்த விளம்பரப் பலகையைக் காட்டினாள்.

பலகையில் ஒரு கறுப்புக் கிடா. முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மிதப்பாகக் கேமராவைப் பார்த்தது. அதன் கீழே பெரிய எழுத்தில்: 'இவன் பெயர் சீனி. இவனைத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். இவன் இன்னும் சாகவில்லை!'

"அது எங்க சீனி. நான் பேரு வச்ச கிடா. கருப்பனுக்கு நேந்துவிட்டு, மாசித் திருவிழாவுல வெட்டக் கொடுத்தேன். ஒம்பது வருசமாச்சு. சாகலைன்னு நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்க. சாகலைன்னா அவுத்து விடு. கூட்டிட்டுப் போகணும்."

செக்யூரிட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு, செல் பிரிவின் தலைவி பூங்கோதைக்குப் போன் போட்டார்.

பூங்கோதைக்கு லிஃப்ட் வரும்வரை பொறுமையில்லை. படியில் இறங்கி ஓடிவந்தாள். வரவேற்பறை சோபாவின் நுனியில், மடியில் ஒரு ஒயர்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒச்சம்மா, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"ஏத்தா, நீயா? அப்ப ஈர்க்குச்சி மாதிரி வந்த புள்ளதானே? கம்பெனிக் கறி நல்லா ஒத்துக்கிருச்சு போல."

"நல்லாருக்கீங்களா அக்கா?"

"எனக்கென்ன. சீனி எப்படியிருக்கான்?"

பூங்கோதை எதிரில் உட்கார்ந்தாள். அவள் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நடந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிடாவின் கழுத்தில் கட்டி இருப்பதாகக் கால்நடை டாக்டர் ஒருவர் சொல்லி, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாள். கட்டி எலுமிச்சம்பழம் அளவு. வளர்ந்துகொண்டே இருந்தது. கிடா அதைப்பற்றிக் கவலைப்படாமல் அடுத்த வீட்டு முருங்கையை மேய்ந்துகொண்டிருந்தது. "ஒரு கிள்ளு எடுத்துக்கவா அக்கா?" என்று கேட்டாள். "கட்டிதானே, எடுத்துட்டுப் போ" என்றாள் ஒச்சம்மா.

அந்த ஒரு கிள்ளுதான் இன்றைக்குத் தொட்டி தொட்டியாக நிற்கிறது. மற்ற ஆடுகளின் செல்கள் கொஞ்ச நாள் பெருகும், களைக்கும், நின்றுவிடும். சீனியின் செல்களுக்குக் களைப்பே தெரியவில்லை. கிடாவை வெட்டி, ஊரே சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுப் போனது வேறு கதை. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அக்கா, அது சும்மா விளம்பரம். ஒரு பேச்சுக்குப் போடறது."

"அப்ப செத்துருச்சா?"

செத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. 'உயிர்க்கொலை இல்லாத கறி' என்ற அரசு முத்திரையைக் கம்பெனி வாங்கியதே, 'மூல ஆடு சாகவில்லை, இன்றும் வளர்கிறது' என்று வாதாடித்தான்.

"அப்ப உசுரோட இருக்கா?"

இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. ஏன் என்பதை ஒச்சம்மாவே சொன்னாள்.

"உசுரோட இருந்தா அது என் கிடா இல்ல, உங்க கிடாயும் இல்ல. கருப்பன் கிடா. சாமி இன்னும் வாயில வைக்கல, அதுக்குள்ள தமிழ்நாடே பந்தியில உக்காந்துருச்சு. இது நல்லாவா இருக்கு?"

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. தர்ஷினிக்குத் திரும்ப வந்துருச்சு."

சிரிப்பு நின்றது. தர்ஷினி ஒச்சம்மாவின் ஒரே மகள். பதினேழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்தவள். அவள் பிழைத்தால் செலுத்துகிறேன் என்று நேர்ந்துவிட்டதுதான் சீனி.

"போன மாசம் காய்ச்சல்னு போனா. மறுபடி அதேன்னுட்டாக. நான் கருப்பன்கிட்டப் போய்க் கண்டபடி வஞ்சேன். கடனை அடைச்சப்புறமும் இப்படிப் பண்ணுவியா, நீயெல்லாம் ஒரு சாமியான்னு. திரும்பி வரும்போது பஸ்ல இருந்து உங்க போர்டைப் பாத்தேன். அடைக்கவே இல்லைன்னு அப்பத்தானே தெரியுது? பாவம், அவரைப் போயி வஞ்சுட்டேன்."

பூங்கோதை அவளை மேலே அழைத்துப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் தொட்டி நின்றது. லாரித் தண்ணித் தொட்டி அளவு. பளபளவென்று.

"இதுதான் அக்கா, சீனி."

ஒச்சம்மா மேலும் கீழும் பார்த்தாள். "கொம்பைக் காணோம்."

"வெறும் செல்லுதான். கழுத்துக் கட்டியில எடுத்தது."

"ஏன் சாக மாட்டேங்குது?"

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு வகை ஜீன் இருக்கு. ஒரு வகை, 'வளரு வளரு'ன்னு பரிமாறிக்கிட்டே இருக்கும். இன்னொரு வகை 'போதும்'னு சொல்லும்."

"பந்தியில இலைக்கு மேல கையை வச்சு மறிப்பாகளே, அது மாதிரி."

"அதேதான். அந்தக் கை இருக்கற வரைக்கும் உடம்பு அளவோட இருக்கும். சீனியோட கட்டியில இன்னொரு புரதம் வந்து அந்தக் கையைக் கட்டிப் போட்டுடுச்சு. மறிக்க ஆளில்ல. பரிமாறிக்கிட்டே இருக்காங்க. அதான் நிக்காம வளருது."

ஒச்சம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தர்ஷினி ரத்தத்துல?"

இதைப் பூங்கோதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். "அங்கயும் அதே கைதான் அக்கா. அதே கட்டுதான். ஆஸ்பத்திரி டாக்டர் இர்ஃபான் என்கூடப் படிச்சவன். முதல் தடவை வந்தப்பவே அவன் சொல்லியிருக்கான்."

"அப்ப எம் மக உடம்புல வளர்றதும் இங்க வளர்றதும் ஒரே வியாதி. அங்க வந்தா ஆஸ்பத்திரி. இங்க வந்தா பிரியாணி."

"சமைச்சுட்டா அது ஒண்ணும் செய்யாதுக்கா..."

"நான் அதைக் கேக்கல. கட்டை அவுக்க மருந்து இல்லையா?"

இருந்தது. இருக்கிற மாதிரி இருந்தது. கையைக் கட்டியிருக்கும் புரதத்தைப் பிடித்து விலக்கிவிடும் மருந்து ஒன்றை இர்ஃபானின் குழு செய்திருந்தது. கட்டு அவிழ்ந்ததும், 'போதும்' என்று மறிக்கும் அந்தக் காவல் ஜீன் விழித்துக்கொள்ளும். 'நீ கெட்டுப்போய்விட்டாய், செத்துப் போ' என்று செல்லுக்கே உத்தரவு போடும். செல் மரியாதையாகச் செத்துப்போகும். எலியில் சரியாக வேலை செய்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி தர வேண்டிய குழு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கோடானுகோடி செல்லில் ஒன்றே ஒன்று தப்பித்தாலும் நோய் திரும்புமே, தப்பாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதைக் காட்ட ஒரு முழு மனித உடம்பை விடப் பெரிய அளவில், கை கட்டப்பட்ட செல்கள் வேண்டும். எலி எந்த மூலைக்கு?

அந்த அளவுக்கு அப்படிப்பட்ட செல்கள் இருந்த ஒரே இடம் இதுதான். பூங்கோதை முதலாளியிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். ஒரு தொட்டியாவது கொடுங்கள் என்று கெஞ்சியும் இருந்தாள்.

"மாட்டேன்னுட்டாரா?"

"'சீனியைக் கொன்ற கம்பெனி'ன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்னுட்டார்."

"அவர் கொல்ல வேணாம். நான் கொல்றேன். எங்க இருக்காரு?"

முதலாளி சாத்தப்பன் நாற்பது வயதில் ஜீன்ஸ் போடுகிறவர். எதற்கெடுத்தாலும் "லாஜிக் என்ன?" என்று கேட்கிறவர். ஒச்சம்மாவிடமும் அதையே கேட்டார்.

"லாஜிக்கா யோசிங்கம்மா. இந்த ஒரு கிடா இருக்கறதால தினம் எத்தனை ஆடு வெட்டுப்படாம தப்பிக்குது தெரியுமா? இதைக் கொன்னா, அத்தனையும் சாகும். அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

"அதுகளை யாரும் நேந்துவிடலையே தம்பி."

"சாமி, பூதம்னு சொல்லிக்கிட்டு வந்தா நான் கம்பெனியை மூட முடியுமா?"

"சாமிக்கு நேந்த கிடாயை நீங்க பிடிச்சு வச்சுக்கிட்டா நான் மட்டும் என் மகளை மூட முடியுமா?"

சாத்தப்பன் பச்சைத் தேநீரைக் கீழே வைத்தார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

ஒச்சம்மா வாசலுக்கு வெளியே போய், வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஊரிலிருந்து வேனில் ஆட்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் எவனோ எடுத்துப் போட்ட ஒரு வீடியோ உலகம் சுற்றியது. உடனே சென்னையிலிருந்து பிராணி நேசர்கள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கி, 'சீனியை வெளியே விடு!' என்று கோஷம் போட்டார்கள். ஒச்சம்மா கோஷ்டியும் சந்தோஷமாகச் சேர்ந்து கத்தியது. வெளியே விட்டதும் வெட்டுவதற்குத்தான் இவர்கள் கேட்கிறார்கள் என்ற செய்தி மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் பிராணி நேசர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் தயிர்ச்சாதத்தோடு எழுந்து ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கோஷத்தை மட்டும் இரண்டு பக்கமும் மாற்றவில்லை.

சாத்தப்பனுக்குத் தூக்கம் போயிற்று. 'செத்துவிட்டது' என்றால் எதிர்ப்பக்கம் வழக்குப் போடும். 'சாகவில்லை' என்றால் இந்தப் பக்கம் அரிவாளோடு வரும். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர், ஒரு காலை, கிரிக்கெட்டில் ஜெயித்தவர் மாதிரி பூங்கோதையின் அறைக்குள் நுழைந்தார். கூடவே தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஜோசபினும் வந்தாள்.

"பூங்கோதை, கிடாயை வெட்டறதுக்கு முன்னாடி மஞ்சத்தண்ணி தெளிப்பாங்களாமே?"

"ஆமா சார். தெளிச்சதும் கிடா உடம்பைச் சிலுப்பி ஒரு உதறு உதறும். துலுக்குதுன்னு சொல்லுவாங்க. சாமி சம்மதம் சொல்லிட்டார்னு அர்த்தம்."

"துலுக்கலைன்னா?"

"சாமிக்கு இஷ்டமில்லைன்னு விட்டுடுவாங்க."

சாத்தப்பன் கையைத் தட்டினார். "எஃகுத் தொட்டி துலுக்குமா? அவங்க முறைப்படியே தெளிக்கட்டும். மூணு தடவை வேணும்னாலும் தெளிக்கட்டும். கேமராவை வச்சு ஊருக்கே காட்டுவோம். சாமியே வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் அந்த அம்மா என்ன பண்ணும்?"

"தொட்டிக்குள்ள கலக்கி மோட்டார் ஓடிக்கிட்டிருக்கே சார், அதிருமே" என்றாள் ஜோசபின்.

"நிறுத்திடுவோம்."

"நிறுத்தினா செல்லெல்லாம் அடியில படிஞ்சு மூச்சுத் திணறும் சார்" என்றாள் பூங்கோதை.

"கொஞ்ச நேரம்தானே? நிறுத்துங்க."

"சரி சார்" என்றாள் பூங்கோதை.

தொட்டியில் ஆக்ஸிஜன் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், யார் நிறுத்தியிருந்தாலும் கலக்கி தானாக, முழு வேகத்தில் கிளம்பும். செல்கள் செத்துப்போகாமலிருக்க அவளே செய்துவைத்த ஏற்பாடு அது. சாத்தப்பன் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் பூங்கோதைக்குக் கிடையாது.

அன்று மாலையே சாத்தப்பன் வாசலுக்குப் போய், நூறு செல்போன்களுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார். "தொட்டி துலுக்கினா, இருக்கற எல்லாத் தொட்டியும், ஃப்ரீஸர்ல உறைய வச்சிருக்கற கடைசிக் குப்பி வரைக்கும் கருப்பனுக்கு. துலுக்கலைன்னா நீங்க எழுந்து வீட்டுக்குப் போயிடணும்."

"சம்மதம்" என்றாள் ஒச்சம்மா. "ஆனா ஒரு சொட்டு மிச்சம் வச்சாலும் கடன் மிச்சம்."

வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். சுத்தம் செய்த தரையில் கோலம். தொட்டிக்கு மாலை. ஒச்சம்மாவுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தலையில் பிளாஸ்டிக் தொப்பி, வாயில் மாஸ்க், காலில் நீல உறை. கருப்பசாமி கோயில் பூசாரி அந்தக் கோலத்தில் ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் மாதிரி இருந்தார். பூங்கோதை மஞ்சள்தண்ணிச் செம்பைக் கொடுக்கிற சாக்கில் ஒச்சம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, தெளிக்கறதுக்கு முன்னாடி பாட்டு உண்டுல்ல? எவ்வளவு நேரம் பாடுவீங்க?"

"எம்புட்டு நேரம் வேணும்?"

"ஆக்ஸிஜன் இறங்கற வரைக்கும்."

"அது யாரு?"

"அவரும் ஒரு சாமின்னு வச்சுக்கோங்களேன். அவர் இறங்கினாத்தான் தொட்டி துலுக்கும்."

ஒச்சம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். மாஸ்க்குக்குள் சிரித்தாளா என்று தெரியவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கருப்பனின் குதிரை, கருப்பனின் மீசை, கருப்பனின் அரிவாள், அரிவாளைத் தீட்டிய கல், கல் கிடந்த ஆறு என்று நிதானமாகப் போயிற்று பாட்டு.

கலக்கி நின்றிருந்தது. முதல் தெளிப்பு. மஞ்சள்தண்ணி எஃகில் வழிந்து இறங்கியது. தொட்டி அசையவில்லை. சாத்தப்பன் கேமராவைப் பார்த்துப் பணிவாகக் கை கூப்பினார்.

மறுபடி பாட்டு. இரண்டாவது தெளிப்பு. ஒன்றுமில்லை. எதிர்க்கோஷ்டியின் பிரதிநிதி ஒருவர் கைதட்டப் போய், பாதியில் நிறுத்தினார்.

பூங்கோதை தொட்டியின் பக்கத்திலிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். எண் இறங்கிக்கொண்டிருந்தது. போதவில்லை. ஒச்சம்மாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். ஒச்சம்மா புரிந்துகொண்டு கருப்பனின் தங்கச்சிகளை ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் செய்துகொடுக்கத் தொடங்கினாள்.

"இன்னும் எவ்வளவும்மா?" என்றார் சாத்தப்பன்.

"அவசரப்பட்டா சாமி கோவிச்சுக்கும் தம்பி. இன்னும் ரெண்டு தங்கச்சி பாக்கி."

கடைசித் தங்கச்சி புருஷன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது தெளிப்பு விழுந்தது.

தொட்டி ஒரு உறுமல் உறுமியது. அடியிலிருந்து மேல்வரை ஒரு நடுக்கம் ஏறியது. குழாய்கள் கடகடத்தன. மாலை அறுந்து விழுந்தது. குளிக்க வைத்த கிடா மாதிரி உடம்பு முழுக்க உதறி, மஞ்சள்தண்ணியைச் சாத்தப்பனின் சட்டையில் தெறிக்கவிட்டது.

"துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!"

குலவைச் சத்தத்தில் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. ஜோசபின் தன்னை மறந்து சிலுவை போட்டுக்கொண்டாள். சாத்தப்பன் பூங்கோதையின் பக்கம் திரும்பினார்.

"நிறுத்தச் சொன்னேனே!"

"நிறுத்தினேன் சார். அதுவா ஓடுது."

இரண்டும் உண்மை.

இர்ஃபான் கொடுத்தனுப்பியிருந்த மருந்துப் புட்டியை ஒச்சம்மா தன் கையாலேயே திறந்து முதல் தொட்டியில் ஊற்றினாள். பூங்கோதை மற்றத் தொட்டிகளில் ஊற்றினாள். அன்றிரவுக்குள் கட்டுகள் அவிழ்ந்தன. காவல் ஜீன்கள் கண் விழித்து, கையை நீட்டி மறித்தன. பால் போலக் கலங்கியிருந்த தொட்டிகள் மெல்லத் தெளிந்தன. ஜோசபினும் பூங்கோதையும் வாரக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து, தப்பித்த ஒரு செல்லுக்காகத் தேடினார்கள். தண்ணீரை எடுத்து, சத்துக் கொடுத்து, தட்டில் வைத்து, மறுபடி வளர்கிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். ஒன்றுகூட வளரவில்லை. உறைபெட்டியில் இருந்த குப்பிகளையும் எண்ணி எடுத்து அழித்தார்கள்.

முடிவுகளைப் பார்த்த அனுமதிக் குழு கையெழுத்துப் போட்டது. தர்ஷினிக்குத்தான் முதல் ஊசி.

அதற்குள் ஊரில் வேறு காட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி கறிக்கடை வாசலில் தோல் உரித்த ஆடுகள் தொங்கின. திருமங்கலம் சந்தையில் ஆடு கிடைக்காமல் அடிதடி. சாத்தப்பன் சொன்னதில் பொய் எதுவுமில்லை. பூங்கோதை அந்தக் கடைகளைத் தாண்டும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வாள். சாத்தப்பன் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. கோழித் தொட்டிகள் இருந்தன, அவற்றைப் பார்க்க ஆள் வேண்டும். ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கை தன்னையறியாமல் சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை காலை. பூங்கோதையின் செல்போன் ஒலித்தது. ஒச்சம்மா.

"தாயி..." குரல் உடைந்திருந்தது. "எம் மகளுக்குக் குறையலை தாயி. எங்கயோ மிச்சம் இருக்கு. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. கருப்பனுக்குத் தெரியும். வச்சிருக்கவுகளுக்கும் தெரியும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

பூங்கோதை தலையைத் தூக்கித் தன் வீட்டுச் சமையலறைப் பரணைப் பார்த்தாள். அங்கே, பழைய குக்கருக்குப் பின்னால் கைக்கு அடக்கமான ஒரு நைட்ரஜன் குடுவை இருந்தது. அதற்குள் ஒரே ஒரு குப்பி. குப்பிக்குள் உறைந்துபோய்ச் சீனி. அழிக்கிற அன்று, எண்ணும்போது, ஒன்றைக் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வாள். ஒன்பது வருட உழைப்பு. அறிவியலுக்குத் தேவை. ஆடுகள் பாவம்.

இர்ஃபானுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வார்டில் இருப்பான். சும்மா உட்கார்ந்து யோசித்தாள். உறைந்து கிடக்கும் ஆட்டு செல்லுக்கும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அறிவியலில் அவள் வாங்கிய எல்லாப் பட்டங்களும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லின. அவற்றை எல்லாம் ஒத்துக்கொண்டு, பரணில் ஏறி, குடுவையை எடுத்துக்கொண்டு, காரைக் கிளப்பினாள்.

கருப்பசாமி கோயில் கண்மாய்க்கரையில் இருந்தது. உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. பூசாரி அவளையும் குடுவையையும் பார்த்தார். ஆச்சரியமே படவில்லை.

"கொண்டாந்துட்டீகளா? அந்தா, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல வைங்க. அங்கதான் வரிசையா வச்சிருக்கு."

வரிசையாகவா?

பூங்கோதை குனிந்து பார்த்தாள். கருப்பனின் காலடியில், கம்பெனிச் சீட்டு ஒட்டிய இரண்டு காலிக் குப்பிகள். ஒன்றின் மேல் இருந்த பொடிப்பொடிக் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜோசபின்! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். மற்றது உறைபெட்டிக் காப்பாளருடையது.

"சீக்கிரம் வச்சுட்டு நகருங்க பூங்கோதை. எனக்கும் நேரமாச்சு."

அரிவாள் நட்டிருந்த மேடைக்குப் பின்னாலிருந்து சாத்தப்பன் வந்தார். வெறுங்கால். நெற்றியில் திருநீறு. கையில் ஐஸ்கிரீம் டப்பா மாதிரி ஒரு பெட்டி.

"சார்... நீங்களுமா?"

"ஒண்ணும் கேக்காதீங்க."

"லாஜிக்..."

"அந்த அம்மா குரலைக் கேட்டீங்களா? அதுக்கு முன்னாடி லாஜிக் எங்க நிக்குது?"

பூசாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "உங்களுக்கும் ஒச்சம்மா போன் பண்ணுச்சாக்கும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்கோதை செல்போனை எடுத்து, தர்ஷினியின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்!" உற்சாகமான குரல். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"சூப்பரா இருக்கேன். ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம், சுத்தமா போயிருச்சாம். செவ்வாக்கிழமையே இர்ஃபான் சார் சொல்லிட்டார். அம்மா சொல்லலையா?"

"அம்மா எங்க?"

"வராண்டாவுல நின்னு யாருக்கோ போன் பேசுது. காலையிலேருந்து ஒரு பத்துப் பேருக்காவது பேசிருச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அழுகுது மேடம். ஆனா கண்ணுல பொட்டுத் தண்ணியக் காணோம். யாரு செத்தான்னு கேட்டா, 'இனிமேத்தான்'ங்குது."

பூங்கோதை போனை அணைத்தாள். சாத்தப்பன் காதில் எல்லாம் விழுந்திருந்தது. அவர் முகத்தில் மெல்ல மெல்லப் பழைய முதலாளி திரும்பி வந்தார்.

"அப்ப மருந்துதான் வேலை செஞ்சிருக்கு. கிடாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." குரலைத் தாழ்த்தினார். "நம்ம ரெண்டு குப்பியும் நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போயிட்டா, ஆறு மாசத்துல எல்லாத் தொட்டியும் நிரம்பிடும். இந்த ஆடுகளும் தப்பிக்கும். யோசிங்க."

பூங்கோதை யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கறிக்கடை வாசல்கள் கண்முன் வந்தன. மூடியிருந்த குடுவையிலிருந்து வெண்புகை கசிந்து, வெயிலில் கரைந்தது.

செல்போன் ஒலித்தது. ஒச்சம்மா.

"வச்சுட்டியா தாயி?"

"தர்ஷினிக்குச் செவ்வாக்கிழமையே சரியாயிடுச்சாமே அக்கா."

கடைக்காரனுக்குக் கணக்குச் சொல்கிற நிதானத்தில் ஒச்சம்மா சொன்னாள்.

"சரியானப்புறம்தானே தாயி நேத்திக்கடனைச் செலுத்தணும்? அதுக்கு முன்னாடி செலுத்தினா அது லஞ்சம்ல?"

பூங்கோதை சாத்தப்பனைப் பார்த்தாள். சாத்தப்பன் வானத்தைப் பார்த்தார். பூசாரி செம்பில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, பீடத்தைத் துடைத்து இடம் ஒதுக்கினார்.

அவள் குடுவையைத் திறந்து, குப்பியை எடுத்து, மூடியைத் திருகினாள்.

"உங்க பெட்டியையும் திறங்க சார்" என்றாள்.